"தெரியவில்லை" வேறு, "இல்லை" வேறு!

"எக்கோ எடுத்தாச்சு மக்கா, ஒண்ணும் இல்லியாம்."

வருஷத்துக்கு மூன்று நாலு தடவையாவது இந்த வாக்கியம் ஊரிலிருந்து போனில் வந்துவிடுகிறது. சொல்கிறவர் மாறுவார். கதை மட்டும் மாறாது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் வால்வு மாற்றியவர். மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது. பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுத்தார்கள், "நார்மல்" என்று தாளில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இதயத்தில் கோளாறு இல்லை. ஆகவே டைபாய்டு. ஆகவே இன்னொரு ஆன்டிபயாடிக்.

இந்த மூன்று "ஆகவே"க்களும் தப்பு. அதில் முதல் "ஆகவே" ஆளையே கொல்லக்கூடியது. போன் பண்ணும் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் "நார்மல்" என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தின் மேல்தான் கோபம். இந்தப் பதிவு அதற்காக. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. எக்கோ எடுக்கிறவன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், தொழில் கற்றது திருவனந்தபுரத்தில், இப்போது பிழைப்பு இங்கிலாந்தின் வடக்கில், மழை நிற்காத ஒரு ஊரில். இங்கே எங்களுக்கு "கார்டியாக் ஃபிசியாலஜிஸ்ட்" என்று பெரிய பெயர். ஊரில் "எக்கோ டெக்னீஷியன்". வேலை ஒன்றுதான்: இருட்டு அறையில் ஜெல் தடவி, விலா எலும்புகளின் சந்துக்குள் ஒலியை அனுப்பி, திரையில் தெரிவதை உள்ளது உள்ளபடி எழுதுவது. "உள்ளது உள்ளபடி" என்பதில்தான் இன்றைய வம்பே இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நோயின் பெயர் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ். நம் பாஷையில் இதய வால்வில் கிருமித் தொற்று. பல்லிலிருந்தோ, தோல் புண்ணிலிருந்தோ, டயாலிசிஸ் ஊசியிலிருந்தோ ரத்தத்தில் ஏறிய கிருமி, ஏற்கெனவே கெட்டுப்போன வால்விலோ செயற்கை வால்விலோ போய் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றி ரத்தத் தட்டணுக்களும் ஃபைப்ரினும் சேர்ந்து ஒரு கொத்தாக வளரும். இதற்கு மருத்துவ உலகம் வைத்த பெயர் "வெஜிடேஷன்". (காய்கறிக்கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை :-) ) அந்தக் கொத்து வால்வைத் தின்னும், துண்டு துண்டாக உடைந்து மூளைக்குப் போய் பக்கவாதத்தைக் கொண்டுவரும், வால்வின் அடியில் சீழ்க்கட்டி கட்டும். நல்ல வசதி உள்ள நாடுகளிலேயே, ஆஸ்பத்திரியில் சேர்த்து முழு சிகிச்சை கொடுத்தும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை இது கொண்டுபோய்விடுகிறது. சிகிச்சை என்பது ரத்தக்குழாய் வழியாக நாலு முதல் ஆறு வாரம் மருந்து. செயற்கை வால்வு என்றால் குறைந்தது ஆறு வாரம். பாதிப் பேருக்கு நெருக்கமாக ஆபரேஷனும் தேவைப்படும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு விதமான எக்கோ இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்தது நெஞ்சின் மேல் வைத்து எடுப்பது. இரண்டாவது, விரல் தடிமனுள்ள ஒரு குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் முனையை வைத்து, வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி எடுப்பது. ஊரில் டாக்டர்கள் இதை "டீ" என்பார்கள். குடிக்கிற டீ இல்லை. இங்கிலாந்தில் எழுத்துக்கூட்டல் வேறு என்பதால் "டோ" என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால், ஒட்டினாற்போல ஓடுகிறது. அங்கிருந்து பார்த்தால் நடுவில் எலும்பு இல்லை, நுரையீரல் காற்று இல்லை, கொழுப்பு இல்லை.

அதனால் என்ன லாபம்? ஒலி அதிக தூரம் போக வேண்டியதில்லை என்பதால் அதிக அதிர்வெண்ணில் அனுப்பலாம். நெஞ்சு எக்கோ சாதாரணமாக 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ். உணவுக்குழாய் எக்கோ 5 முதல் 7 வரை. அதிர்வெண் கூடினால் நுணுக்கம் கூடும். நெஞ்சு வழியாகப் பார்க்கும்போது மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த கொத்து பெரும்பாலும் கண்ணில் படாது. உள்ளேயிருந்து பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூடப் பிடிபடும்.

கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1953 அக்டோபரில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும் முதல்முறையாக ஒலியால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். அவர்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்தியது உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று தேடுகிற கருவி. 1973இல் அமெரிக்காவில் ஃபைகன்பாம் குழுவினர் எக்கோவில் வால்வுக் கொத்துகள் எப்படித் தெரியும் என்று எழுதினார்கள். 1976இல் சிகாகோவில் ஃப்ரேசின் குழுவினர் உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்த்தார்கள். உலோகத்தின் உள்ளே பார்க்கப் பிறந்த கருவி, இன்று இதயத்தில் வைத்த உலோகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாமல் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஆமாம், உலோகம். இங்கேதான் திருவனந்தபுரம் வருகிறது.

1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. கோடு போட்டுப் பிரித்த பிறகும் நெஞ்சுவலி என்றால் வண்டி வடக்கே திருவனந்தபுரத்துக்குத்தான் திரும்பும். காரணம், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற ஸ்ரீ சித்ரா திருநாள் இன்ஸ்டிடியூட். 1976இல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான், 2024 ஜூலையில் காலமானார். வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாமல் ருமாட்டிக் நோயாளிகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், நாமே செய்வோம் என்று இறங்கியவர்கள் அவரும் அவரோடு இருந்த இன்ஜினியர்களும். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நாலாவது ஜெயித்தது. உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு, சுற்றிலும் தைப்பதற்கு பாலியெஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1990களின் நடுவில் டிடிகே நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் பொருத்தியாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை. இங்கே வேலை பார்க்கும் இடத்தில், இந்தியாவில் மலிவு வால்வு உண்டா என்று யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்தப் பெருமையோடுதான் இந்தச் சண்டையும் போடுகிறேன்.

செயற்கை உலோக வால்வு போட்ட ஆயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் 3 முதல் 12 பேருக்கு வால்வில் தொற்று வரும் என்பது ஐரோப்பிய வழிகாட்டி நூல்கள் தருகிற கணக்கு. வால்வு எந்தக் கம்பெனியுடையது என்பதில் விஷயம் இல்லை. வெளியிலிருந்து உள்ளே போன பொருள் எதுவானாலும் கிருமிக்கு அது திண்ணை. ஆக, மலிவாக வால்வு கொடுத்துப் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய நாடு, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வால்வை உற்றுப் பார்க்கும் கண்ணையும் கொடுத்தாக வேண்டும். அது பாதி வழியில் நிற்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஏன் சாதாரண எக்கோ போதாது? உலோகத்தில் பட்ட ஒலி திரும்பிவிடும். அதற்குப் பின்னால் இருட்டு. இதை ஒலி நிழல் என்போம். மைட்ரல் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நுனியிலிருந்து ஒலியை அனுப்பினால் அது முதலில் கீழறை வழியாகப் போய் உலோக வால்வில் முட்டும். நிழல் விழுவது மேலறையில். கிருமிக் கொத்து ஒட்டுவதும், வால்வின் ஓரம் கிழிந்து ரத்தம் பின்னால் கசிவதும் பெரும்பாலும் அந்த மேலறைப் பக்கம்தான்! திருடன் ஒளிந்திருக்கும் அறையில் மட்டும் விளக்கு எரியவில்லை. உணவுக்குழாயிலிருந்து பார்த்தால் கதை தலைகீழ்: ஒலி மேலறைப் பக்கத்திலிருந்தே வருகிறது, நிழல் கீழே போய் விழுகிறது, திருடன் வெளிச்சத்தில் நிற்கிறான்.

இப்போது எண்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி சொல்வது: சொந்த வால்வில் கொத்தைக் கண்டுபிடிக்கும் திறன் நெஞ்சு எக்கோவுக்கு 70 சதவீதம், உணவுக்குழாய் எக்கோவுக்கு 96. செயற்கை வால்வில் நெஞ்சு எக்கோவுக்கு 50, உணவுக்குழாய் எக்கோவுக்கு 92. இல்லாததை இருப்பதாகச் சொல்லாமல் இருக்கும் திறன் இரண்டுக்குமே ஏறக்குறைய 90.

ஐம்பது சதவீதம்! செயற்கை வால்வில் உண்மையிலேயே தொற்று உள்ள நூறு பேரைப் படுக்க வைத்து நெஞ்சு எக்கோ எடுத்தால் ஐம்பது பேரிடம் "நார்மல்" என்று சொல்லி அனுப்புவோம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னும் ஒரு படி மேலே போய்க் கணக்குப் பார்க்கலாம். ஒரு உதாரணத்துக்கு, ஒரு நல்ல டாக்டர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, நகத்தடி ரத்தக்கோடுகளையும் புதிதாகக் கேட்கும் இதய முணுமுணுப்பையும் வைத்து, "இவருக்குத் தொற்று இருக்க நாற்பது சதவீதம் வாய்ப்பு" என்று நினைக்கிறார் என்று வையுங்கள். அப்படிப்பட்ட நூறு பேரில் 40 பேருக்கு நோய் உண்டு, 60 பேருக்கு இல்லை. நெஞ்சு எக்கோ அந்த 40இல் 20 பேரைத் தவறவிடும். நோயில்லாத 60இல் 54 பேருக்கு "நார்மல்" வரும். ஆக "நார்மல்" தாள் வாங்கியவர்கள் 74 பேர், அதில் 20 பேர் நோயாளிகள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர்! அதே நூறு பேருக்கு உணவுக்குழாய் எக்கோ எடுத்தால் "நார்மல்" வாங்கிய 57 பேரில் மூன்று பேர் மட்டுமே நோயாளிகள். நாலில் ஒன்று எங்கே, இருபதில் ஒன்று எங்கே?

இதை எழுதினால் வழக்கமாக வரும் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "அப்படியானால் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் குழாயை இறக்கச் சொல்கிறாயா?"

இல்லவே இல்லை. அது எதிர்ப்பக்கத்துப் பைத்தியக்காரத்தனம். அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வால்வு நன்றாக உள்ள, சாதாரணக் காய்ச்சல்காரர் நூறு பேர், அதில் இரண்டு பேருக்குத்தான் தொற்று இருக்கலாம் என்று வைப்போம். எல்லாருக்கும் குழாய் இறக்கினால் அந்த இரண்டு பேரைப் பிடிப்போம், கூடவே நோயில்லாத பத்துப் பேரிடம் "உங்கள் வால்வில் ஏதோ ஆடுகிறது" என்று சொல்லிக் கலங்கடிப்போம். பழைய நாரும் வால்வின் இயற்கையான இழையும்கூட ஆடத்தான் செய்யும். சந்தேகம் இல்லாத இடத்தில் பரிசோதனை செய்தால் சந்தேகத்தை நாமே உற்பத்தி செய்கிறோம் என்று அர்த்தம். எந்தச் சோதனை என்பதை முடிவு செய்ய வேண்டியது நோயாளியின் கதை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மெஷின் எது என்பது இல்லை.

இரண்டு: "நெஞ்சு எக்கோ உதவாது என்கிறாயா?"

என் சோற்றில் நானே மண் போடுவேனா? முதலில் எடுக்க வேண்டியது அதுதான், எல்லாருக்கும். குழந்தைகளுக்கும் ஒல்லியானவர்களுக்கும் அதில் அருமையாகத் தெரியும். வலது பக்கத்து ட்ரைகஸ்பிட் வால்வு முன்னாலேயே இருப்பதால் அதற்கும் நல்லது. இதயம் எவ்வளவு பலமாக அடிக்கிறது, அழுத்தம் எவ்வளவு என்று அளக்க அதற்கு ஈடு இல்லை. அயோர்ட்டா வால்வு செயற்கையாக இருந்தால், உணவுக்குழாயிலிருந்து பார்க்கும்போது முன்பக்கம் நிழலில் விழும். அந்த முன்பக்கத்தை நெஞ்சு எக்கோதான் காட்டும். ருமாட்டிக் நோயாளிகளில் பலருக்கு இரண்டு வால்வும் மாற்றியிருக்கும், அங்கே இரண்டு கோணமும் கட்டாயம். ஒன்று இன்னொன்றுக்கு எதிரி இல்லை. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டையும் செய்தது போலப் பேசுவதுதான் பிரச்சினை.

மூன்று: "குழாய் இறக்குவது ஆபத்து, வேதனை."

வேதனை உண்டு, மறுக்கவில்லை. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டைக்கு மரமரப்பு மருந்து, லேசான மயக்கம், குமட்டல். உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கும் அதில் புடைத்த ரத்தக்குழாய் உள்ளவர்களுக்கும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் நோயறிய மட்டும் செய்யும் பரிசோதனையில் உணவுக்குழாய் கிழிவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தவறவிட்ட வால்வுத் தொற்று எத்தனை பேரை எடுத்துக்கொள்ளும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். எந்த ஆபத்து பெரியது என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

நாலு: "எதற்கு இத்தனை பாடு? சந்தேகம் இருந்தால் ஆறு வாரம் மருந்தைப் போட்டுவிட்டால் ஆயிற்று!"

இதுதான் எனக்கு வரும் ஆட்சேபங்களிலேயே ஆபத்தானது, ஏனென்றால் கேட்க நியாயமாக இருக்கிறது. ஆறு வாரம் கட்டிலில் கிடக்கும் கூலிக்காரரின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வின் அடியில் சீழ்க்கட்டி கட்டியிருந்தால் மருந்து மட்டும் போதாது, கத்திதான் வேண்டும். பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து ஆடுகிற கொத்து மூளைக்குப் பறக்கும் முன்னால் அறுவை நிபுணர் பார்த்தாக வேண்டும். கட்டி இருக்கிறதா, கொத்து எவ்வளவு பெரியது என்று தெரியாமல் மருந்து மட்டும் ஊற்றுவது, மீட்டர் இல்லாத ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவது போல.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2019இல் அச்சில் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்று, 400 நோயாளிகளை வைத்துச் செய்தது. இடது பக்க வால்வுத் தொற்றில் ஆரம்ப சிகிச்சைக்குப் பிறகு நிலைமை சீரானவர்களுக்கு, மீதி நாட்களுக்கு ஊசி மருந்துக்குப் பதில் மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. நம் ஊருக்கு எவ்வளவு பெரிய நல்ல செய்தி! ஆனால் அந்த மாற்றத்துக்கு முன்னால் நோயாளிகளுக்கு உணவுக்குழாய் எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ஆக, "செலவு" என்று நாம் ஒதுக்குகிற பரிசோதனைதான் கட்டில் நாட்களின் செலவைக் குறைக்கும் சாவி.

சரி, எக்கோவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எக்கோவுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அது எக்கோவைவிட எளிது: பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் தொடுவதற்கு முன்னால், அரை மணி நேர இடைவெளியில், வேறு வேறு இடத்தில் குத்தி, மூன்று தடவை ரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். ஆனால் நம்மூரில் நடப்பது என்ன? காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, ஏழாம் நாள் கிளினிக்கில் வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்று ஒரு ஊசி, பதினைந்தாம் நாள் இன்னொரு ஊர், இன்னொரு ஊசி. இப்படி அரைகுறையாக அடிபட்ட கிருமி ரத்தத்தில் வளராது, வால்வில் மட்டும் வளரும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கல்ச்சர் "நெகட்டிவ்". இந்தியாவில் கல்ச்சரில் எதுவும் வளராத வால்வுத் தொற்று இத்தனை அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கல்ச்சரும் நெகட்டிவ், எக்கோவும் "நார்மல்" என்றால் நோயாளி எங்கே போவார்? இரண்டு கதவையும் நாமே சாத்திவிட்டு, "ஒண்ணும் இல்லியாம்" என்கிறோம்.

கேரளம் இதில் கொஞ்சம் விழித்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க 2018இல் மாநில அளவில் தனிச் செயல்திட்டம் போட்டார்கள். 2024 ஜனவரியில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க "ஆபரேஷன் அம்ரித்" என்று இறங்கினார்கள். களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் நாமும் அதே அளவுக்குக் கறாராக இருக்க வேண்டாமா? கிருமிக்கு செக்போஸ்ட் கிடையாது.

இப்போது என் சொந்தத் தொழில்காரர்களிடம் ஒரு வார்த்தை. நாம் எழுதும் ரிப்போர்ட்டில்தான் பாதிப் பாவம் இருக்கிறது. "வெஜிடேஷன் இல்லை" என்று எழுத நமக்கு என்ன உரிமை? தமிழ் நமக்கு இரண்டு சொல் கொடுத்திருக்கிறது: தெரியவில்லை, இல்லை. நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது நம் எல்லை. இல்லை என்பது உலகத்தைப் பற்றிய தீர்ப்பு. உலோக வால்வின் நிழலில் பாதி இதயம் மறைந்திருக்கும்போது அந்தத் தீர்ப்பைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. எழுத வேண்டியது இதுதான்: "செயற்கை மைட்ரல் வால்வு. நிழலால் மேலறைப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்த்த அளவில் கொத்து தெரியவில்லை. தொற்று சந்தேகம் இருந்தால் உணவுக்குழாய் எக்கோ தேவை." நாலு வரி. தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம். அந்த நாலு வரி இருந்தால் அடுத்த டாக்டர் தூங்க மாட்டார். "நார்மல் ஸ்டடி" என்ற இரண்டு சொல் அவரைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும்.

இன்னொன்று, உணவுக்குழாய் எக்கோவும் கடவுள் இல்லை. நூறில் எட்டுப் பேரை அதுவும் தவறவிடுகிறது. அதனால்தான் வழிகாட்டிகள், முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் பலமாக இருந்தால், ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத் திரும்ப எடு என்கின்றன. 2023இல் வந்த புதிய டியூக் விதிகளும் அதே வருஷத்து ஐரோப்பிய வழிகாட்டியும் செயற்கை வால்வு விஷயத்தில் சிடி, பெட் ஸ்கேன் இரண்டையும் சேர்த்துக்கொண்டன. நிழலுக்குப் பின்னால் பார்க்க எக்கோ மட்டும் போதாது என்று உலகமே ஒப்புக்கொண்டு ஒலி இல்லாத கண்களைத் தேடுகிறது. நாம் இன்னும் முதல் கண்ணிலேயே "ஒண்ணும் இல்லியாம்".

"அதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை" என்று சொல்லாதீர்கள். பணக்கார நாட்டு வால்வு நமக்கு எட்டாது என்றபோது நாம் ஒப்பாரி வைத்தோமா? பூஜப்புரா அரண்மனை வளாகத்து ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து, மூன்று தடவை தோற்று, நாலாவதாக ஜெயித்தோம். ஒரு வால்வைப் புதிதாகக் கண்டுபிடிப்பதை ஒப்பிட்டால், ஏற்கெனவே இருக்கும் எக்கோ மெஷினுக்கு ஒரு உணவுக்குழாய் முனையும் அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு ஏற்பாடும் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் எத்தனை பெரிய காரியம்? ஸ்ரீ சித்ரா வாசல்படி ஏறிவிட்ட நோயாளியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அங்கே வழி இருக்கிறது. வாசல்படிக்கு வராமல், நடுவில் ஒரு "நார்மல்" தாளால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றித்தான் இவ்வளவும்.

ஆகவே என் கோரிக்கைகள், சுருக்கமாக:

1. இதயப் பிரிவு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், வாரத்தில் எல்லா வேலை நாளும் உணவுக்குழாய் எக்கோ கிடைக்க வேண்டும். "அந்த டாக்டர் வியாழக்கிழமை வருவார்" என்ற பதில் வால்வுத் தொற்றுக்குச் செல்லாது.

2. செயற்கை வால்வு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், கல்ச்சருக்கு ரத்தம் எடுக்காமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது. ஆள் மிக மோசமாக இருந்தால் எடுத்த கையோடு கொடுங்கள். எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

3. செயற்கை வால்வு எக்கோ ரிப்போர்ட்டில் "எதைப் பார்க்க முடியவில்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

4. வால்வு போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைக்குக் கொடுக்கும் புத்தகத்தோடு ஒரு அட்டையும் கொடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும்: "எனக்குச் செயற்கை வால்வு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் முதலில் பிளட் கல்ச்சர். நெஞ்சு எக்கோ நார்மல் என்றால் அது முடிவு இல்லை."

அரசாங்கம் செய்யும் வரை நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் யாருக்காவது வால்வு மாற்றியிருந்தால், பல் பிடுங்கப் போகும் முன்னால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தேவைப்படும். பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்க விடாதீர்கள், வால்வு போட்ட இடத்துக்கே கூட்டிப்போங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான். கல்யாணத்துக்குப் போகிற தூரம்.

எக்கோ ரூமில் யாராவது "நார்மல்" என்றால் பயப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தெரியவில்லையா, இல்லையா?" அந்தக் கேள்விக்கு உங்கள் முகத்தைப் பார்த்து பதில் சொல்லத் தெரிந்தவரிடம்தான் வால்வைக் காட்ட வேண்டும்.

டிஸ்கி: இது பொதுவான பதிவு, மருத்துவ ஆலோசனை இல்லை. உங்கள் விஷயத்தை உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். இதய டாக்டர்கள் யாராவது படித்தால் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்கள், வரவேற்கிறேன். "எங்கள் ஊரில் தினமும் டீ எடுக்கிறோம்" என்று யாராவது எழுதினால் அதைவிட சந்தோஷம் எனக்கு வேறில்லை. ஊர் பெயரோடு எழுதுங்கள், அடுத்த போன் வரும்போது அனுப்பி வைக்க ஒரு முகவரி கிடைக்கும்.